கல்கூர்லி போகலாமா? பெர்த்திலிருந்து 600 கிலோமீட்டர் தள்ளி ஒரு தங்க ஊர்

மதுரைப்பொண்ணு எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். ஊர்ல இருந்து மாமனார், மாமியார் பெர்த்துக்கு வந்திருக்காங்க. கிங்ஸ் பார்க், ஃப்ரீமாண்டில், ஸ்வான் பள்ளத்தாக்கு எல்லாம் சுத்திக் காட்டியாச்சு. மாமா குடிநீர் வாரியத்துல இன்ஜினியரா இருந்து ஓய்வு பெற்றவர். "உள்நாட்டுல தங்கம் எடுக்கிற ஊர் ஒண்ணு இருக்காமே, அதைக் காட்டும்மா"ன்னு கேக்கிறார். ஒரு வழிக்கே 600 கிலோமீட்டர் வருது. அவ்வளவு தூரம் போறதுக்கு அங்க என்ன இருக்கு? போனவங்க, அங்கேயே இருக்கிறவங்க சொல்லுங்களேன்.

கதிர்வேல்_பெர்த் எழுதியது:
சகோதரி, என் கருத்தை நேரா சொல்லிடறேன். ஒரு பெரிய குழி, நாலு பழைய கட்டடம், தடுக்கி விழுந்தா ஒரு பப், அப்புறம் ஈ. பெரியவங்களை அவ்வளவு தூரம் கார்ல உக்கார வச்சு அலைக்கழிக்கிறதுக்கு ஆல்பனி பக்கம் போயிடலாம். கடல், மலை, குளிர் எல்லாமே அங்க கிடைக்கும்.

செம்மண்சாலை எழுதியது:
கல்கூர்லிதான் எனக்குக் குடியிருக்கிற ஊர். பாறை மாதிரிகளைப் பொடி பண்ணி அதுல எவ்வளவு தங்கம் இருக்குன்னு சோதிக்கிற ஆய்வகத்துல வேலை. கதிர்வேல் தம்பி சொல்ற குழியை நானும் பாக்கச் சொல்வேன். ஆனா குழியை மட்டும் பாத்துட்டுத் திரும்பினா இந்த ஊரைப் பாத்ததா ஆகாது. உங்க மாமா குடிநீர் வாரியத்துல இருந்தவர்னு சொல்றீங்க. அப்படின்னா இந்த ஊரை அவரை விட நல்லாப் புரிஞ்சுக்கிறவங்க கிடைக்க மாட்டாங்க.

1892ல கூல்கார்டியில ஆர்தர் பெய்லியும் வில்லியம் ஃபோர்டும் தங்கம் எடுத்தாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல அங்கிருந்து கிழக்கே கிளம்பின பாடி ஹானன், டாம் ஃபிளானகன், டான் ஷேன்னு மூணு அயர்லாந்துக்காரங்களுக்கு, இப்ப மவுண்ட் சார்லட்னு சொல்ற மேட்டுப் பக்கம் தரைமேலயே தங்கம் கிடைச்சுது. ஜூன் 17 அன்னிக்கு ஹானன் கூல்கார்டிக்குத் திரும்பி வந்து உரிமையைப் பதிஞ்சார். சேதி கசிஞ்ச சில நாள்லயே நூத்துக்கணக்கான பேர் வந்து கூடாரம் போட்டுட்டாங்க.

வந்தவங்க குடிக்க என்ன பண்ணாங்க? பக்கத்துல ஆறு கிடையாது. ஏரின்னு வரைபடத்துல இருக்கிறதெல்லாம் உப்பு. வருஷ மழை சராசரி 260 மில்லிமீட்டரை ஒட்டித்தான். உப்புத்தண்ணியைத் தொட்டியில ஊத்தி, கீழ விறகு எரிச்சு, ஆவியைக் குளிர வச்சு காலன் கணக்குல வித்தாங்க. அதைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறவன் அதுலயே எப்படிக் குளிப்பான்? கழிவு போக வழி இல்லை. டைஃபாய்டு வந்து ஆட்களைக் கொத்துக் கொத்தா அள்ளிட்டுப் போச்சு. வர்ற வழியில கூல்கார்டி கல்லறைத் தோட்டத்துல இறங்கிப் பாருங்க.

மேற்கு ஆஸ்திரேலியக் காலனியோட தலைமைப் பொறியாளர் சி. ஒய். ஓ'கானர் இதுக்கு ஒரு திட்டம் போட்டார். பெர்த் பக்கத்துல மலைமேல முண்டாரிங்ல ஹெலினா ஆத்துக்குக் குறுக்கே அணை. அங்கிருந்து 530 கிலோமீட்டருக்கு எஃகுக் குழாய். நடுவுல எட்டு நீரேற்று நிலையம், எல்லாம் நீராவி இயந்திரம். அணைக்கும் மவுண்ட் சார்லட் நீர்த்தேக்கத்துக்கும் 300 மீட்டருக்கு மேல உயர வித்தியாசம், அதனால மொத்தத் தண்ணியையும் மேல தள்ளணும். நாள் ஒண்ணுக்கு 50 லட்சம் காலன், இன்னைய கணக்குல 2 கோடியே 27 லட்சம் லிட்டர். செலவுக்கு 25 லட்சம் பவுண்டு கடன் வாங்க 1896ல நாடாளுமன்றம் சம்மதிச்சுது. மக்கள்தொகை கொஞ்சமே இருந்த காலனிக்கு அது கண்ணைக் கட்டற தொகை.

மாமாகிட்ட இதைச் சொல்லுங்க: அந்தக் காலத்துல பெரிய குழாய்னா தகட்டை வளைச்சு ரிவெட் ஆணி அடிச்சுத்தான் சேப்பாங்க. ஒவ்வொரு ரிவெட்டும் ஒழுகறதுக்கு ஒரு இடம். 530 கிலோமீட்டர்ல அப்படி ஒழுகினா கடைசியில என்ன வந்து சேரும்? மெஃபான் ஃபெர்குசன்னு ஒருத்தர் அரைவட்டத் தகடு ரெண்டை நீளவாக்குல ரெண்டு பக்கமும் பூட்டுப்பட்டைக்குள்ள நுழைச்சு, அழுத்தி இறுக்கற முறையைக் கண்டுபிடிச்சிருந்தார். ரிவெட்டே கிடையாது. அந்த முறையில செஞ்ச சுமார் 60,000 குழாய்களை வரிசையாப் போட்டாங்க. பெர்த்திலிருந்து வர்ற நெடுஞ்சாலையில பெரும்பகுதிக்கு அந்தக் குழாய் தரைக்கு மேலயே உங்க கூட வரும். பழைய குழாய்களைப் பல இடத்துல மாத்தியிருக்காங்க, நீராவி போய் மின்சாரம் வந்தாச்சு. தண்ணி இன்னைக்கும் அதே வழியிலதான் வருது. எங்க வீட்டுக் குழாயிலயும் அதுதான்.

கதிர்வேல்_பெர்த் எழுதியது:
நல்லா எழுதறீங்க அண்ணா. இந்த ஓ'கானர்தானே திறப்பு விழா அன்னிக்குத் தண்ணி வராததால மனசொடிஞ்சு செத்தவர்? பெர்த்ல பல பேர் சொல்லிக் கேட்டிருக்கேன்.

வாசுகி எழுதியது:
அந்தக் கதை உண்மையல்ல, கதிர்வேல். அது அவருக்குச் செய்யும் அநியாயமும்கூட. ஓ'கானர் இறந்தது 1902 மார்ச் 10. காலனியின் முதல்வராக இருந்த ஜான் ஃபாரஸ்ட் கல்கூர்லியில் தண்ணீரைத் திறந்துவைத்தது 1903 ஜனவரி 24. இடையில் பத்து மாதம். திட்டம் சரியாகவே வேலை செய்தது.

அவரை உடைத்தது வேறு. பெர்த் செய்தித்தாள் ஒன்று திட்டத்தில் ஊழல் என்று தொடர்ந்து எழுதியது. நாடாளுமன்றத்திலும் அதே பேச்சு. விசாரணை வந்தது. அவருக்குத் துணையாக நின்ற ஃபாரஸ்ட் அதற்குள் கூட்டாட்சி அரசியலுக்குப் போய்விட்டார். ஃப்ரீமாண்டில் துறைமுகத்தைக் கட்டித் தந்த மனிதர், அதே துறைமுகத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் குதிரையோடு கடலுக்குள் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். திட்டம் சரியானது, அவதூறிலிருந்து பாதுகாப்புக் கிடைத்தால் முடித்துக் காட்டியிருப்பேன் என்ற பொருளில் கடிதம் எழுதி வைத்திருந்தார். கடிதத்தின் கடைசியில், ஹெலினா அணையின் பக்கச் சுவர்களை உடனே கட்டிவிடுங்கள் என்று ஒரு வரி. சாகப் போகிறவர் அணையின் சுவரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். அந்த வரியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இன்னொன்று. ஹானன் "கண்டுபிடித்தார்" என்று எல்லாரும் சொல்கிறோம். அது வாங்கதா மக்களின் நிலம். பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும் இடங்கள் அவர்களுக்குத் தெரியும். இலை தழை போட்டு மூடி, ஆவியாகாமல் காத்துவந்தார்கள். தங்கம் தேடி வந்தவர்கள் அவர்களிடமிருந்து அந்த இடங்களைத் தெரிந்துகொண்டு, குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் காட்டிச் சில நாளில் வற்றவைத்தார்கள். தண்ணீர்க் கதையைக் குழாயிலிருந்து தொடங்கினால் பாதிதான் சொன்னதாகும்.

செம்மண்சாலை எழுதியது:
வாசுகி அம்மா சொல்றது சரி. தங்கத்தைப் பத்தியும் ஒண்ணு சேத்துக்கறேன். ஊர்ல தெருவுக்குப் பேர், சிலை எல்லாம் ஹானனுக்கு. ஆனா ஊரை வாழ வைக்கிற பெரிய தங்கப் படிவம் அவர் கண்டதில்லை. அதே 1893ல அடிலெய்டுல இருந்து வந்த வில்லியம் புரூக்மன், சாம் பியர்ஸ் ரெண்டு பேரும் சில கிலோமீட்டர் தெற்கே, மத்தவங்க ஒண்ணுமில்லன்னு விட்ட மேட்டுல குத்தகை எடுத்தாங்க. அதுதான் பின்னாடி கோல்டன் மைல்னு பேர் வாங்கின இடம். இதுவரை அங்க 5 கோடி அவுன்ஸுக்கு மேல எடுத்தாச்சு.

அங்க தங்கம் நிறைய டெலூரியம்ங்கிற தனிமத்தோட சேந்த தாதுவா இருக்கு. பாத்தா தங்கம்னு தெரியாது, வெளிர் நிறம். ஆரம்பத்துல அது என்னன்னே தெரியாம கழிவுன்னு ஒதுக்கி, தெருப் பள்ளத்தை நிரப்பினாங்கன்னும், 1896ல விஷயம் தெரிஞ்சதும் தெருவையே தோண்டினாங்கன்னும் ஊர்ல சொல்லுவாங்க. தாதுவோட சிக்கல் மட்டும் நான் தினம் பாக்கிற விஷயம். சும்மா அரைச்சு சயனைடுல போட்டா இந்தத் தங்கம் முழுசா கரையாது. அதை வறுக்கணும், இல்லைன்னா மாவை விட நைசா அரைக்கணும். ரொம்ப காலம் ஊருக்குள்ளயே வறுத்தாங்க, கந்தகப் புகை வீட்டு ஜன்னல் வரைக்கும் வரும்னு பழைய ஆட்கள் சொல்லுவாங்க. 1989ல வறுக்கிற ஆலையை ஊருக்கு வடக்கே கிட்ஜிக்கு மாத்தினாங்க. 2015ல அதையும் நிறுத்திட்டு நைசா அரைக்கிற முறைக்கு வந்தாச்சு.

மாரிகுப்பத்தான் எழுதியது:
நான் கோலார் தங்கவயல்ல பொறந்து வளந்தவன். தாத்தா, அப்பா ரெண்டு பேரும் சுரங்கத்துல வேலை பாத்தவங்க. இந்த இழையைப் படிக்கப் படிக்க எங்க ஊர் ஞாபகம்தான். அங்கயும் அதே காலம், பிரிட்டிஷ் முதலீடு. 1902ல சிவனசமுத்திரத்துல இருந்து காவிரி மின்சாரத்தை கம்பி போட்டு எங்க ஊருக்குக் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷம் கல்கூர்லிக்கு குழாய்ல தண்ணி. தங்கம்னா எதையும் எவ்வளவு தூரத்துல இருந்தும் கொண்டு வருவாங்க போல. எங்க ஊர்ல 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம் போனாங்க, 2001 பிப்ரவரி கடைசியில மூடிட்டாங்க. சயனைடு மண்மேடு மட்டும் நிக்குது. கல்கூர்லி மட்டும் எப்படி இன்னும் ஓடுது?

செம்மண்சாலை எழுதியது:
ஐயா, வணக்கம். உங்க கேள்வியை எங்க ஆய்வகத்துலயும் பேசியிருக்கோம். இந்த ஊரும் சாகப் போச்சு. தங்கம் விலை அவுன்ஸுக்கு 35 டாலர்னு கட்டிப்போட்டிருந்த காலத்துல சுரங்கங்கள் ஒண்ணொண்ணா மூடிக்கிட்டே வந்துது. 1966ல தெற்கே கம்பால்டாவுல நிக்கல் கிடைச்சதுதான் ஊரைப் புடிச்சு நிறுத்துச்சு. எழுபதுகள்ல தங்கம் விலை அவிழ்ந்ததும் கணக்கு மாறிடுச்சு.

அதுக்கப்புறம் நிலத்தடிச் சுரங்கங்கள் இருந்த மொத்தப் பரப்பையும் ஒரே திறந்தவெளிக் குழியா வெட்டறதுன்னு யோசனை. எண்பதுகள்ல ஆலன் பாண்ட்ங்கிற தொழிலதிபர் குத்தகைகளை ஒண்ணொண்ணா வாங்கிச் சேத்தார், அவரால முடிக்க முடியலை. 1989ல கூட்டு நிறுவனமா கேசிஜிஎம் வந்து அதைச் செஞ்சுது. இப்ப நார்தர்ன் ஸ்டார்ங்கிற சுரங்க நிறுவனத்தோட கையில இருக்கு. மூணரை கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கு மேல ஆழம். ஒரு டன் பாறையில தங்கம் 2 கிராமை ஒட்டித்தான் இருக்கும். 225 டன் ஏத்தற லாரி ஒரு நடை மேல வந்தா, அது தாதுவா இருந்தாலும் அரை கிலோ தேறாது. தாதுக்கு மேல இருக்கிற வெறும் பாறையையும் சேத்துத்தான் அள்ளியாகணும். மேலேயிருந்து பெரிய இயந்திரம் வச்சு அள்ளறதாலதான் இவ்வளவு குறைஞ்ச தங்கத்துலயும் கட்டுப்படியாகுது.

பார்வை மேடையில நிக்கும்போது லாரியையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. குழிச் சுவரைப் பாருங்க. கரையான் புத்தைக் குறுக்கே வெட்டினாப்ல அங்கங்க கருப்பு ஓட்டை தெரியும். நூறு வருஷத்துக்கு முந்தி ஆட்கள் கையால குடைஞ்ச சுரங்கப் பாதைகள் அதெல்லாம். சில இடத்துல அவங்க முட்டுக் கொடுத்த மரம் துருத்திக்கிட்டு நிக்கும். அந்த வெற்றிடம் எங்க இருக்குன்னு துளை போட்டுப் பாக்காம மேல இயந்திரத்தை ஓட்ட முடியாது. 2018 மே மாசம் கிழக்குச் சுவர்ல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்துது. அதுல இருந்து மீண்டு வர வருஷக்கணக்காச்சு.

தவம் எழுதியது:
வணக்கம் எல்லாருக்கும். நாங்கள் பிள்ளைகளோட போனனாங்கள். தங்கச்சி, கட்டாயம் போங்கோ. பெரியாக்களைக் காரில அலைக்கழிக்க விருப்பமில்லையெண்டால் ரெயில் இருக்கு. கிழக்குப் பெர்த்திலயிருந்து ப்ராஸ்பெக்டர் எண்ட ரெயில், ஏழு மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். அங்க போய் கார் வாடகைக்கு எடுங்கோ.

ஹானன் தெருவைப் பாத்தால் உங்களுக்கே விளங்கும், அவ்வளவு அகலம். ஒட்டகக் கூட்டம் நடுத்தெருவிலயே திரும்புறதுக்கு இடம் வேணுமெண்டு அப்பிடி விட்டதாம். தெருவில ஹானனின்ர சிலை இருக்கு, தண்ணிப்பை வச்சிருப்பார், அதிலயிருந்து குடிக்கத் தண்ணி வாற மாதிரிச் செய்திருக்கினம். பேலஸ் ஹோட்டலுக்குள்ள போய் ஒரு பெரிய செதுக்கல் கண்ணாடி பாருங்கோ. ஹெர்பர்ட் ஹூவர் குடுத்ததாம். பின்னுக்கு அமெரிக்க ஜனாதிபதியா வந்த அதே ஹூவர்தான். 1897இல இளம் சுரங்கப் பொறியியலாளரா இந்தப் பக்கம் வந்தவர்.

எனக்குப் பிடிச்சது கல்கூர்லியோட ஒட்டியிருக்கிற போல்டர் ஊரின்ர நகர மண்டபத்தில இருக்கிற நாடகத் திரை. பிலிப் கோச்சர் எண்டவர் 1908இல வரைஞ்சது, நேப்பிள்ஸ் விரிகுடாக் காட்சி. சுத்திவரச் செம்மண், உள்ளுக்குப் போனால் நீலக்கடல். எப்ப திறப்பினம் எண்டு முதலே கேட்டுக்கொண்டு போங்கோ. 2010 ஏப்ரலில நிலநடுக்கம் வந்து அந்த மண்டபம் இருக்கிற பர்ட் தெருவில பழைய கட்டடங்கள் கன சேதம், பிறகு திருத்தினவை.

மதுரைப்பொண்ணு எழுதியது:
தவம் அண்ணா, ரயில் விஷயம் தெரியாது, ரொம்ப நன்றி. மாமாகிட்ட ரிவெட் இல்லாத குழாய் பத்திப் படிச்சுக் காட்டினேன். உடனே அணையில இருந்தே ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டார். ஒட்டகம்னு சொன்னீங்களே, இங்க ஒட்டகம் எப்படி வந்துச்சு?

வாசுகி எழுதியது:
நம் பக்கத்திலிருந்துதான் வந்தது. கராச்சி வழியாகக் கப்பலில் ஏற்றிவந்தார்கள். ஓட்டிகளையும் சேர்த்துத்தான். ஊரில் எல்லாரையும் "ஆப்கான்" என்றே கூப்பிட்டார்கள். ஆனால் அவர்களில் பலூச்சி, சிந்தி, பஞ்சாபி எல்லாரும் உண்டு. ரயில் 1896இல் கல்கூர்லியை எட்டும்வரை மாவு, இயந்திரப் பாகம், தண்ணீர் எல்லாவற்றையும் சுமந்தவர்கள் அவர்கள். ரயில் போகாத இடங்களுக்கு அதற்குப் பிறகும் பல வருடம் சுமந்தார்கள். ஆனால் ஆசியர்களுக்குத் தங்கம் தோண்டும் உரிமத்தைச் சட்டமே மறுத்தது. தங்கம் எடுப்பவனுக்குச் சோறும் தண்ணீரும் சுமக்கலாம், தான் ஒரு மண்வெட்டி போட முடியாது. ஃபைஸ், தாக் முகமது சகோதரர்கள் அதையும் மீறிப் பெரிய வணிகர்களாக வளர்ந்தார்கள். தாக் முகமது 1896இல் கூல்கார்டி பள்ளிவாசலில் தொழுகையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். கூல்கார்டி கல்லறைத் தோட்டத்தில் ஒட்டகக்காரர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. நம்மவர்கள் அங்கே ஐந்து நிமிடமாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

கூல்கார்டிக்கு வடக்கே பானிவேல் என்று ஓர் இடம். 1907 மார்ச் 19 அன்று கொட்டிய மழையில் அங்கே சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. எல்லாரும் வெளியேறினார்கள், மொடெஸ்டோ வரிஷெட்டி என்ற இத்தாலியத் தொழிலாளி மட்டும் மாட்டிக்கொண்டார். செத்துவிட்டார் என்றே நினைத்தார்கள். பிறகு பாறையைத் தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, மேல்நோக்கி வெட்டிய ஒரு குடைவில் காற்று அடைபட்டு நிற்க, அதில் அவர் உயிரோடு இருந்தார். பெர்த்திலிருந்து சிறப்பு ரயிலில் மூழ்காளர்களை வரவழைத்தார்கள். ஃபிராங்க் ஹியூஸ் என்பவர் கனத்த மூழ்கு உடையோடு, கும்மிருட்டில், சேற்றுத் தண்ணீரில், காற்றுக்குழாய் எங்கும் சிக்கிவிடாமல் தடவித் தடவிப் போய் உணவும் விளக்கும் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பக்கம் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்பதாம் நாள் ஹியூஸ் அவரைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தார். மொத்தத் தங்கவயலும் அந்த ஒரு இத்தாலியருக்காகக் காத்துக் கிடந்தது.

27 வருடம் கழித்து, 1934 ஜனவரி 29, 30 தேதிகளில், இதே கல்கூர்லியிலும் போல்டரிலும் இத்தாலியர், ஸ்லாவியர் வீடுகளையும் கடைகளையும் ஒரு கும்பல் கொளுத்தியது. பப்பில் நடந்த சண்டையில் உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்ததைக் காரணம் காட்டினார்கள். குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். உயிர்களும் போயின.

கதிர்வேல்_பெர்த் எழுதியது:
வாசுகி, தகவல் எல்லாம் சரிதான். ஆனா பெரியவங்களைக் கூட்டிட்டு சுற்றுலா போறவங்ககிட்ட கலவரம், கொலைன்னு சொல்றது தேவையா? போன இடத்துல சந்தோஷமா இருந்துட்டு வரட்டுமே.

வாசுகி எழுதியது:
சந்தோஷமாக இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் பிழைக்க வந்தவர்கள்தான் நாமும். எங்கிருந்தோ வந்து சுரங்கத்தில் இறங்கிய ஒருவரை ஊர் எப்படிக் காப்பாற்றியது, எப்படித் துரத்தியது என்ற இரண்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது விளம்பரப் பலகை.

செம்மண்சாலை எழுதியது:
எனக்கும் அதே எண்ணம்தான். இப்ப எங்க ஆய்வகத்துலயே எத்தனையோ நாட்டுக்காரங்க, மதியச் சாப்பாட்டு மேஜையில எல்லா வாசனையும் வரும். ஊர் நிறைய மாறியிருக்கு. 1934ஐப் பத்திப் பேச ஊர்க்காரங்களே இப்ப தயங்கறதில்லை.

மதுரைப்பொண்ணு எழுதியது:
ரெண்டு பேர் சொல்றதையும் படிச்சேன். கூல்கார்டியில கண்டிப்பா இறங்குவோம். எந்த மாசம் போறது நல்லது? வீட்டுக்காரர் உலோகங்காட்டும் கருவி வாங்கிட்டு வந்து தங்கம் தேடலாமான்னு கேக்கிறார். இன்னும் வடக்கே ஏதாவது பாக்க இருக்கா?

செம்மண்சாலை எழுதியது:
மே முதல் செப்டம்பர் வரைக்கும் வாங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல மழை நல்லா இருந்தா காட்டுப்பூ பூத்திருக்கும். டிசம்பர், ஜனவரி வேண்டவே வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டும்.

கருவி வச்சுத் தேடணும்னா முதல்ல மாநில அரசுகிட்ட மைனர்ஸ் ரைட் அனுமதி வாங்கணும். குத்தகையில இருக்கிற நிலத்துல உரிமையாளர் சம்மதம் இல்லாம கால் வைக்கக் கூடாது. இதை விட முக்கியம் பழைய குழிகள். ஊரைச் சுத்தி மூடாம விட்ட சுரங்க வாய் ஏராளம், புதர் மறைச்சிருக்கும். போட்டோ எடுக்கறேன்னு பின்னாடியே நடக்காதீங்க, குழந்தைங்க கையை விடாதீங்க.

வடக்கே ரெண்டு இடம் சொல்வேன். மென்ஸீஸ் பக்கம் பாலர்ட் ஏரி, வெள்ளை உப்புப் பரப்பு. ஆண்டனி கோர்ம்லிங்கிற சிற்பி 2003ல அந்த ஊர் மக்களோட உடம்பை அளந்து 51 உலோக உருவம் செஞ்சு நிறுத்தியிருக்கார். காலையில வெயில் ஏறுறதுக்குள்ள போயிடுங்க. அதுக்கும் மேல, லியோனோரா பக்கத்துல குவாலியா. ஹூவர் நடத்தின சுரங்கம் அது. 1963 டிசம்பர்ல மூடினதும் சில வாரத்துல ஊரே காலி. தகரம், சாக்கு, மரக்கம்பு வச்சுக் கட்டின தொழிலாளி வீடுகளை அப்படியே பாதுகாத்து வச்சிருக்காங்க. மாரிகுப்பத்து ஐயா ஒருநாள் வந்தா அவரைக் கட்டாயம் அங்க கூட்டிட்டுப் போகணும்.

மாரிகுப்பத்தான் எழுதியது:
பையன் மெல்போர்ன்லதான் இருக்கான் தம்பி. வந்தா உங்களுக்குத்தான் முதல் தகவல். அந்தத் தகர வீட்டைப் பாக்கணும்.

செம்மண்சாலை எழுதியது:
வாங்க ஐயா. மதுரைப்பொண்ணு, கடைசியா வண்டி விஷயம். கார்ல வர்றதா இருந்தா பொழுது சாயறதுக்குள்ள ஊர் வந்து சேந்துடுங்க, இருட்டினா கங்காரு குறுக்கே பாயும். பல பெட்டி கோத்த ரோடு ட்ரெயின் லாரியை முந்தணும்னா நேரான நீளமான சாலை கண்ணுக்குத் தெரியற வரைக்கும் பொறுமையா இருங்க. குழியில வெடி வைக்கிற நேரத்தை முன்கூட்டியே இணையத்துல போடுவாங்க, காத்து திசையைப் பொறுத்து மாறும், அதனால காலையில ஒரு தடவை பாத்துக்குங்க. முண்டாரிங்ல முதல் நீரேற்று நிலையத்தை அருங்காட்சியகமா வச்சிருக்காங்க, திறக்கிற நாளை விசாரிச்சுட்டு மாமாவை அங்க கூட்டிட்டுப் போயிட்டு அப்புறம் கிழக்கே வண்டியைத் திருப்புங்க.